கோச்சை மாற்றுவதா, வைத்திருப்பதா? தோற்றுக்கொண்டிருக்கும் ஃபுட்டி கிளப்பின் முன்னால் உள்ள வழிகள்

ஜூலை பிறந்துவிட்டால் மெல்பர்னில் குளிரோடு இந்தப் பேச்சும் வந்துவிடும்: இந்த வருடம் எந்த கோச்சின் தலை உருளப் போகிறது? ஃபுட்டி என்று இங்கே சொல்லப்படும் ஆஸ்திரேலிய ஃபுட்பால் நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. அதன் லீக்கான ஏஎஃப்எல்லில் 18 கிளப்புகள். மார்ச்சில் தொடங்கும் பருவத்தில் ஒவ்வொரு கிளப்பும் 23 ஆட்டம் ஆட வேண்டும். பதினாறு ஆட்டம் முடிந்து நான்கே வெற்றியோடு ஒரு கிளப் அடியில் கிடக்கிறது என்று வையுங்கள். இறுதிச்சுற்றுக் கனவு போய்விட்டது, பருவம் முடிய இன்னும் வாரக்கணக்கில் இருக்கிறது. அத்தனை நாளும் ரசிகர்களுக்கும் நிருபர்களுக்கும் மெல்லக் கிடைக்கும் அவல் அந்த கோச்தான்.

இந்தக் கிளப்புகளில் பெரும்பாலானவை உறுப்பினர்களுக்குச் சொந்தமானவை. ஆண்டுச் சந்தா கட்டுகிறவர்கள்தான் ஓட்டுப் போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காலிங்வுட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். ஆக, ‘கோச்சை வைத்திருப்பதா?’ என்று நிர்வாகக் குழு யோசிக்கும்போது ‘நம் நாற்காலி தங்குமா?’ என்ற கேள்வியும் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறது. நாற்பதுக்கு மேற்பட்ட வீரர்களை ஒரே வாரத்தில் மாற்ற முடியாது. பதினெட்டு வயதுப் பையன்களை எடுக்கும் தேசிய டிராஃப்ட் வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில்தான். கோச் ஒரே ஆள். அவரை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீரர் பட்டியலில் இருப்பவர்களின் வயது என்ன, அவர்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் கோச்சைப் பற்றி எடுக்கிற எந்த முடிவும் லாட்டரிச் சீட்டுதான். பரிசு விழுந்தால் நிர்வாகத்துக்குப் புத்திசாலிப் பட்டம், விழாவிட்டால் மூன்று வருடம் கழித்து இன்னொரு சீட்டு. கடந்த இருபது வருடத்தில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிர்வாகங்கள் எடுத்த வழிகள் ஆறுக்குள் அடங்கிவிடும். ஆறும் சம எடை உள்ளவை அல்ல.

கோச்சை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுவது

இந்த வழிக்கு எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டுவது ஜீலாங் கிளப்பை. 2004-இல் பிரிலிமினரி ஃபைனல் எனப்படும் அரையிறுதி வரை போய்த் தோற்றது. 2005-இல் சிட்னியிடம் 3 புள்ளியில், கடைசி விநாடிகளில் நிக் டேவிஸ் அடித்த கோலில், வெளியேறியது. 2006-இல் பத்தாவது இடத்துக்குச் சறுக்கியது. கோச் மார்க் தாம்சன் 2000-லிருந்து இருக்கிறார், கோப்பை வரவில்லை. அனுப்பிவிடுங்கள் என்று ஊரே சொன்னது. தலைவர் ஃபிராங்க் காஸ்டாவும் தலைமை நிர்வாகி பிரையன் குக்கும் கிளப் முழுவதையும் அலசி ஓர் ஆய்வு நடத்தினார்கள். கோச் தங்கினார், அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடுகள் மாறின. ஆட்டம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் கவனிக்கும் கால்பந்துப் பிரிவின் மேலாளராக நீல் பாம் காலிங்வுட்டிலிருந்து வந்தார். அடுத்த வருடம் கிராண்ட் ஃபைனல் எனப்படும் இறுதி ஆட்டத்தில் போர்ட் அடிலெய்டை 119 புள்ளி வித்தியாசத்தில் அடித்து 1963-க்குப் பிறகு முதல் பிரீமியர்ஷிப்பை, அதாவது லீக் கோப்பையை, எடுத்தார்கள்.

பத்து வருடம் கழித்து இதே கதை ரிச்மண்டில் ஓடியது. டேமியன் ஹார்ட்விக் 2010 முதல் கோச். 2013, 2014, 2015 என்று மூன்று வருடம் தொடர்ந்து இறுதிச்சுற்றுக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்கள். 2016-இல் எட்டே வெற்றி, 13-வது இடம். கடைசி ஆட்டத்தில் சிட்னியிடம் 113 புள்ளியில் தோல்வி. நிர்வாகக் குழுவையே கலைக்கப் பார்த்த ஒரு எதிரணியும் கிளம்பியது. ஏஎஃப்எல் கிளப் ஒன்றின் முதல் பெண் தலைவரான பெகி ஓ’நீலும் தலைமை நிர்வாகி பிரெண்டன் கேலும் அசையவில்லை. பருவம் தொடங்கும் முன்பே ஹார்ட்விக்கின் ஒப்பந்தத்தை 2018 வரை நீட்டியிருந்தார்கள். இப்போது வெளி நிறுவனத்தை வைத்து ஆய்வு நடத்தினார்கள். உதவிப் பயிற்சியாளர்களாக ஜீலாங்கிலிருந்து பிளேக் காரசெல்லாவும், பிரிஸ்பேனில் தலைமை கோச் வேலை பறிபோயிருந்த ஜஸ்டின் லெப்பிட்ச்சும் வந்தார்கள். கால்பந்துப் பிரிவுக்கு யார் வந்தார் தெரியுமா? அதே நீல் பாம். 2017-இல் அடிலெய்டை 48 புள்ளியில் வென்று, 37 வருடப் பசியைத் தீர்த்தார்கள். பிறகு 2019, 2020 என்று இன்னும் இரண்டு.

இந்த பாம் எழுபதுகளில் ரிச்மண்டுக்காக பிரீமியர்ஷிப் ஆடியவர். 1997-இல் பருவத்தின் நடுவே மெல்பர்ன் கிளப் அவரைத் தலைமை கோச் பதவியிலிருந்து தூக்கியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து சுடுபட்ட மனிதர் பக்கத்து அறையில் இருந்தால் கோச்சுக்குக் கிடைக்கும் தைரியமே வேறு என்று நினைக்கிறேன். பத்து வருட இடைவெளியில் இரண்டு கிளப்பிலும் அவரே வந்து சேர்ந்ததை வெறும் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை.

பாமை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். 2007-இல் ஜீலாங்கின் முதுகெலும்பு 1999-லிருந்து 2001 வரையிலான டிராஃப்ட்களில் வந்த ஆட்கள்: ஏப்லெட், பார்ட்டெல், சாப்மன், காரி, லிங். 2017-இல் ரிச்மண்டின் டஸ்டின் மார்ட்டின், காட்சின், ரான்ஸ், ரிவோல்ட் நால்வரும் 26 முதல் 28 வயது. ஒரு ஃபுட்டி வீரனின் உச்ச வயது அது. பழம் பழுக்கிற நேரத்தில் இரண்டு கிளப்பும் மரத்தை வெட்டாமல் விட்டன. அடுத்த ஆண்டில் காலிங்வுட்டும் அதையே செய்தது. 2017-இல் 13-வது இடம், ஆய்வு, நேதன் பக்லிக்கு மேலும் இரண்டு வருட ஒப்பந்தம். 2018 கிராண்ட் ஃபைனலில் டாம் ஷீட் எல்லைக்கோட்டோரத்திலிருந்து அடித்த கோலால் வெஸ்ட் கோஸ்டிடம் 5 புள்ளியில் கோப்பையைக் கோட்டைவிட்டார்கள்.

கோச்சை வைத்திருந்து வென்ற கதைகளைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வைத்திருந்து வீணானதை யாரும் எழுதுவதில்லை. வெஸ்ட் கோஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் கோப்பை தந்த ஆடம் சிம்ப்ஸனின் அணி 2022-இல் இரண்டே ஆட்டம் வென்றது. 2023-இல் மூன்று. அந்த வருடம் சிட்னியிடம் 171 புள்ளியில் தோற்றது. ஆனாலும் நிர்வாகம் அவரை விடவில்லை. 2024 ஜூலையில், பருவத்தின் நடுவே, அவர் போனார். அங்கே பட்டியல் பழுத்துக்கொண்டிருக்கவில்லை, அழுகிவிட்டிருந்தது. கோப்பை வாங்கித் தந்த மூத்தவர்களை விட மனமில்லாமல் வைத்திருந்த விலை அது. புதிதாக வந்த ஆண்ட்ரூ மெக்குவால்டருக்கும் 2025-இல் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. கோச்சை மாற்றினால் பட்டியலும் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும்.

இளம் பட்டியலாக இருந்தால் பொறுமைக்கு இன்னொரு வடிவம் உண்டு. அடிலெய்டில் மேத்யூ நிக்ஸ் 2020-இல் முதல் 13 ஆட்டமும் தோற்றுத்தான் கோச் வாழ்க்கையைத் தொடங்கினார், கடைசி இடம். ஐந்தாவது வருடமான 2024-இலும் 15-வது இடம்தான். அந்த வருடம் அவரை அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2025-இல் 18 வெற்றியோடு புள்ளிப்பட்டியலில் முதலிடம். இறுதிச்சுற்றில் இரண்டும் தோற்று வீடு திரும்பினார்கள் என்பது வேறு விஷயம். ஹாதார்னில் சாம் மிட்ச்செல் 2023-இல் 16-வது இடம். 2024-ஐ ஐந்து தொடர் தோல்வியோடு ஆரம்பித்தார். அதே வருடம் ஏழாவதாக முடித்து இறுதிச்சுற்றில் ஓர் ஆட்டமும் வென்றார்.

பருவத்தின் நடுவே அனுப்புவது

2011 ஜூலை 30, கார்டினியா பார்க். ஜீலாங் 37 கோல் (ஒன்றுக்கு 6 புள்ளி), 11 பிஹைண்ட் (கோல் தப்பினால் கிடைக்கும் 1 புள்ளி), மொத்தம் 233. மெல்பர்ன் 7 கோல், 5 பிஹைண்ட், மொத்தம் 47. வித்தியாசம் 186. லீக்கின் நூற்றாண்டு கடந்த வரலாற்றில் இதைவிடப் பெரிய தோல்வி ஒன்றுதான் உண்டு. அதுவும் இதே மெல்பர்ன் 1979-இல் ஃபிட்ஸ்ராயிடம் வாங்கிய 190. தலைவர் ஜிம் ஸ்டைன்ஸ் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த காலம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோச் டீன் பெய்லி நீக்கப்பட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த முடிவில் யாரையும் குற்றம் சொல்வது கஷ்டம். அப்படி ஓர் அடி வாங்கிய பிறகு எதுவும் செய்யாமல் இருக்க எந்த நிர்வாகத்தாலும் முடியாது. ஆனால் அடுத்து வந்த மார்க் நீல்டுக்கு 33 ஆட்டத்தில் 5 வெற்றி. 2013 ஜூனில் அவரும் பருவத்தின் நடுவே போனார். இரண்டு வருடத்தில் இரண்டு முறை நீக்கியாயிற்று. 2013 முடிவில் அந்த அணி வென்றது இரண்டே ஆட்டம். பெய்லி காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிய உயர்ந்த டிராஃப்ட் தேர்வுகளில் வந்த பையன்கள் மூன்று வருடத்துக்குள் மூன்று நான்கு குரல்களைக் கேட்டுக் குழம்பியதுதான் மிச்சம்.

நடுவில் அனுப்புவதற்கு ஒரே ஒரு நல்ல காரணம்தான் எனக்குத் தெரிகிறது: வீரர்கள் கோச் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்றால். மூன்றாம் கால்பகுதி இடைவேளையில் மைதானத்தில் கூடும் வட்டத்தைப் பார்த்தால் தெரியும். கோச் நடுவில் நின்று பலகையில் காந்தங்களை நகர்த்திப் பேசிக்கொண்டிருப்பார். மூத்தவர்கள் தண்ணீர் பாட்டிலையும் ஸ்கோர் திரையையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நிலைமையில் இன்னும் எட்டு வாரம் இழுப்பது அந்த மனிதருக்கும் கொடுமை. மற்ற காரணங்கள் எல்லாம் ஆகஸ்ட் கடைசி வரை பொறுக்கலாம். ‘அடுத்த கோச்சைத் தேட நேரம் கிடைக்கும்’ என்பார்கள். கையெழுத்து வாங்க வேண்டிய உதவிப் பயிற்சியாளர்கள் எல்லாம் அப்போது வேறு கிளப்பில் பருவத்தின் நடுவில் இருக்கிறார்கள். செப்டம்பருக்கு முன்னால் உருப்படியாக யாரோடும் உட்கார்ந்து பேச முடியாது. பேச முடிகிறவர்கள் வேலையில்லாமல் இருக்கும் பெரிய பெயர்கள் மட்டும்தான். அங்கேதான் பல கிளப்புகள் தடுக்கி விழுகின்றன.

ஜூனில் பயந்து கை வைக்காமல் இருந்ததால் தப்பியவர்களும் உண்டு. 2023-இன் நடுவில் கார்ல்டன் 13 ஆட்டத்தில் நான்கே வென்று, ஒன்றை டிராவாக முடித்திருந்தது. மைக்கேல் வாஸை அனுப்பு என்று கூக்குரல். கிளப் அசையவில்லை. அணி ஒன்பது ஆட்டம் தொடர்ந்து வென்று ஐந்தாவதாக முடித்தது. பிரிலிமினரி ஃபைனலில்தான் பிரிஸ்பேனிடம் தோற்றது. அப்போது கார்ல்டனின் தலைமை நிர்வாகி யார் என்றால், 2006-இல் ஜீலாங்கில் தாம்சனை வைத்துக்கொண்ட அதே பிரையன் குக். வாஸின் அடுத்த இரண்டு வருடங்கள் அந்த உயரத்தைத் தொடவில்லை. ஆனாலும் அந்த ஜூனில் எடுத்த முடிவு சரிதான் என்பேன்.

தற்காலிகக் கோச்சுக்கே மாலை போடுவது

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் இதில் வாதத்துக்கு அதிகம் இடமில்லை. தலைமை கோச் போனதும் உதவியாளர் ஒருவர் பொறுப்பேற்பார். அழுத்தம் குறையும், வீரர்கள் சிரித்துக்கொண்டு ஆடுவார்கள், நான்கைந்து வெற்றி வரும். ரசிகர்கள் ‘இவரையே போடு’ என்று கோஷம் எழுப்புவார்கள். கோச்சை நீக்குவதே அணி மிகக் கீழே இருக்கும்போதுதான். அங்கிருந்து கொஞ்சம் ஏறுவது யார் வந்தாலும் நடக்கக்கூடியது.

கார்ல்டனில் 2019-இல் டேவிட் டீக் 11-க்கு 6 வென்றார், வேலை கிடைத்தது, 2021 ஆகஸ்டில் போனார். நார்த் மெல்பர்னில் அதே 2019-இல் ரைஸ் ஷா வந்தார். அடுத்த வருடம் அணிக்கு மூன்றே வெற்றி. அந்த அக்டோபரில் பிரிந்தார்கள். போர்ட் அடிலெய்டில் 2010-இல் மேத்யூ பிரைமஸ் நன்றாகவே தொடங்கினார், நிரந்தரமானார், 2011-இல் மூன்று வெற்றி. ஒரு வாரம் காலிங்வுட்டிடம் 138, மறுவாரம் ஹாதார்னிடம் 165 என்று தோல்விகள். 2012-இல் அவரும் வெளியே. மறுபக்கத்தில் நிற்பவர் சிட்னியின் பால் ரூஸ். 2002-இல் தற்காலிகமாக வந்தவரை, கிளப் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ரசிகர்கள் விடமாட்டோம் என்று பிடித்துவைத்தார்கள். 2005-இல் லியோ பேரியின் கடைசி நேரக் கேட்சோடு, 72 வருடத்துக்குப் பிறகு அந்தக் கிளப்புக்குக் கோப்பை. ரூஸ் உதாரணத்தைக் காட்டித்தான் மற்ற எல்லோரும் மாலை போடுகிறார்கள். ஒருவருக்குப் பலித்ததை வைத்து மூவருக்கு மாலை. காலிங்வுட் 2021-இல் ராபர்ட் ஹார்விக்கும், ரிச்மண்ட் 2023-இல் மெக்குவால்டருக்கும் நன்றி சொல்லிவிட்டு வெளியே தேடின. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பெரிய பெயரை வாங்குவது

கார்ல்டன் 2012. பிரெட் ராட்டன் 2009, 2010, 2011 மூன்று வருடமும் அணியை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனவர். 2011-இல் வெஸ்ட் கோஸ்டிடம் 3 புள்ளியில் தோற்றுத்தான் வெளியேறினார்கள். 2012-இல் 11 வெற்றி, 11 தோல்வி, பத்தாவது இடம். பருவத்தின் கடைசிக் கட்டத்தில், பிறந்து இரண்டே வருடமான கோல்ட் கோஸ்டிடம் தோற்றது கதையை முடித்தது. வீட்டில் சும்மா இருந்தார் மிக் மால்ட்ஹவுஸ். மூன்று பிரீமியர்ஷிப் வென்றவர், பெரிய பெயர். வந்தார். 2015 மே மாதம், லீக்கில் அதிக ஆட்டங்களுக்குக் கோச்சாக இருந்தவர் என்ற ஜாக் மெக்கேலின் 714 ஆட்டச் சாதனையை முறியடித்துச் சில வாரங்களுக்குள், எட்டில் ஒன்றே வென்ற நிலையில் நீக்கப்பட்டார். அந்த வருடம் கார்ல்டன் கடைசி இடம். மால்ட்ஹவுஸின் முதல் வருடமான 2013-இல் ராட்டனைப்போலவே 11 வெற்றி வந்தது. அதற்குப் பிறகு கார்ல்டன் அந்த எண்ணை எட்டியது 2022-இல், வாஸ் வந்த பிறகுதான்.

அலஸ்டர் கிளார்க்சன் நான்கு பிரீமியர்ஷிப் வென்ற மனிதர். 2022 ஆகஸ்டில் ஐந்து வருட ஒப்பந்தத்தோடு நார்த் மெல்பர்ன் அவரைப் பிடித்தபோது கொண்டாட்டம்தான். அதற்குப் பின் வெற்றிகள்: 2023-இல் 3, 2024-இல் 3, 2025-இல் 5. மனிதர் மறந்துவிட்டாரா என்ன? இல்லை. ஹாதார்னில் 2008-இல் அவர் கையில் ஃபிராங்க்ளின், ஹாட்ஜ், மிட்ச்செல் இருந்தார்கள். நார்த்தில் டிராஃப்டில் அப்போதுதான் வந்த பையன்கள் இருந்தார்கள். இதற்கு நேர் எதிராக ஹார்ட்விக் கோல்ட் கோஸ்டுக்குப் போனபோது ரௌவல், ஆண்டர்சன் போன்ற உயர் டிராஃப்ட் தேர்வுகள் ஏற்கெனவே நாலு வருடம் ஆடித் தேறியிருந்தார்கள். 2025-இல் அந்தக் கிளப் தன் வரலாற்றில் முதல்முறையாக இறுதிச்சுற்றுக்குப் போய், பெர்த்தில் ஃபிரிமேண்டிலை 1 புள்ளியில் வென்றது. பெரிய பெயர் சமைக்கத் தெரிந்தவர்தான், அடுப்படியில் அரிசி இருக்க வேண்டும்.

கிளார்க்சனைத் தேடிய அந்த ஆகஸ்டில் எஸண்டன் செய்தது இந்த வழியின் அசிங்கமான முகம். அதன் கோச் பென் ரட்டனுக்கு (கார்ல்டனின் ராட்டன் வேறு ஆள்) இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் பாக்கி. முந்தைய வருடம்தான் இறுதிச்சுற்றுக்குப் போயிருந்தார். பருவத்தின் கடைசி வாரத்தில் கிளப் தலைவர் மாறினார். புதிய நிர்வாகம் கிளார்க்சனைத் துரத்துவது நாடு முழுவதும் தெரிந்தது. தன் வேலைக்கு வேறு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டே ரட்டன் அந்த வாரம் பயிற்சிக்குப் போனார், நிருபர்கள் முன்னால் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை கிளார்க்சன் நார்த் மெல்பர்ன் என்று முடிவானது. சனிக்கிழமை இரவு ரட்டனின் அணி ரிச்மண்டிடம் 66 புள்ளியில் தோற்றது. ஞாயிறு அவர் நீக்கப்பட்டார். பெரிய பெயரும் கிடைக்கவில்லை, இருந்தவரின் மானமும் போயிற்று. எஸண்டன் கடைசியாக இறுதிச்சுற்றில் ஓர் ஆட்டம் வென்றது 2004-இல்.

முறையாகத் தேடி, பெயர் தெரியாதவரை எடுப்பது

கோச்சை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எனக்கு இந்த வழிதான். மூன்று பேரைப் பாருங்கள். லூக் பெவரிட்ஜ் கோச்சாகப் பெயர் வாங்கியது மெல்பர்னின் அமெச்சூர் லீக்கில். செயிண்ட் பீட்ஸ் மென்டோன் அணியோடு மூன்று வருடத்தில் சி, பி, ஏ என மூன்று பிரிவுகளையும் அடுத்தடுத்து வென்றார். 2014 அக்டோபரில் வெஸ்டர்ன் புல்டாக்ஸில் கேப்டன் ரயன் கிரிஃபன் கிளப்பை விட்டுப் போகிறேன் என்று சொல்ல, கோச் பிரெண்டன் மெக்கார்ட்னியும் கிளம்பினார். பார்க்க அலங்கோலம். பெவரிட்ஜ் வந்தார். 2016-இல் ஏழாவது இடத்திலிருந்து ஏறி, 1954-க்குப் பிறகு முதல் கோப்பை.

கிறிஸ் ஃபேகன் இந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர். பிரிஸ்பேன் அவரை எடுத்தபோது வயது 55. முதல் இரண்டு வருடமும் ஐந்தைந்து வெற்றி. அந்த இடத்தில் பல நிர்வாகங்கள் நடுங்கியிருக்கும். 2019-இல் இரண்டாம் இடம். 2024-இல் சிட்னியை 60 புள்ளியிலும் 2025-இல் ஜீலாங்கை 47 புள்ளியிலும் அடித்து அடுத்தடுத்து இரண்டு கோப்பை. காலிங்வுட்டில் கிரெய்க் மெக்ரே 17-வதாக முடித்த அணியை எடுத்து, முதல் வருடத்திலேயே சிட்னியிடம் 1 புள்ளியில் தோற்ற பிரிலிமினரி ஃபைனல் வரை கொண்டுபோனார். மறுவருடம் பிரிஸ்பேனை 4 புள்ளியில் வென்று கோப்பை.

மூவரும் அதற்கு முன் ஏஎஃப்எல் தலைமை கோச்சாக இருந்ததில்லை. மூவரும் கிளார்க்சன் கால ஹாதார்னில் வேலை பார்த்தவர்கள். வென்ற கோச்சை வாங்குவதைவிட, வென்ற கிளப்பில் பக்கத்தில் இருந்து பார்த்தவரை எடுப்பது மலிவாகவும் முடிகிறது, பலிக்கவும் செய்கிறது. இங்கே பணத்தையும் கொஞ்சம் பேச வேண்டும். கால்பந்துப் பிரிவுக்கு ஒரு கிளப் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு அதைச் சுமார் 97 லட்சம் டாலரிலிருந்து 62 லட்சத்துக்குக் குறைத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறினாலும், தலைமை கோச்சுக்கு அள்ளிக் கொடுத்தால் உதவியாளர்களுக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும். ரிச்மண்டை 2017-இல் தூக்கிவிட்டதில் அந்த உதவியாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் இதுவும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியது அல்ல. நார்த் மெல்பர்ன் 2021-க்கு எடுத்த டேவிட் நோபிள், ஃபேகனோடு பிரிஸ்பேனைக் கட்டியெழுப்பிய கால்பந்து மேலாளர். எல்லாக் கட்டத்திலும் டிக் விழும் ஆள். 38 ஆட்டத்தில் 5 வெற்றி. நல்ல மேலாளர், தேய்ந்துபோன பட்டியல், பொறுமையில்லாத காலம்.

ஆறாவது வழியான திட்டமிட்ட கைமாற்றம் தோற்கும் கிளப்புக்கு அரிதாகவே பொருந்தும். போகிறவர் மனதார விரும்பினால் நடக்கும். சிட்னியில் ரூஸிடமிருந்து ஜான் லாங்மயருக்கு 2010 முடிவில் சத்தமில்லாமல் மாறியது, 2012-இல் கோப்பை வந்தது. மெல்பர்னில் அதே ரூஸ் 2014 முதல் மூன்று வருடம் அடித்தளம் போட்டு சைமன் குட்வினிடம் ஒப்படைத்தார், 2021-இல் 57 வருடக் காத்திருப்பு முடிந்தது. விருப்பமில்லாதவர் மேல் திணித்தால் காலிங்வுட்டில் மால்ட்ஹவுஸுக்கும் பக்லிக்கும் நடந்ததுதான். 2010-இல் கோப்பை, 2011-இல் கிராண்ட் ஃபைனல், அப்புறம் முன்பே போட்டிருந்த ஒப்பந்தப்படி மால்ட்ஹவுஸ் வெளியே, பக்லி உள்ளே. வென்றுகொண்டிருக்கும் மனிதரைத் தேதி பார்த்து அனுப்பினார்கள். ஹாதார்ன் 2021 ஜூலையில் அறிவித்த கைமாற்றம் சில வாரங்களில் முறிந்து, கிளார்க்சனுக்குச் சுமார் 9 லட்சம் டாலர் கொடுத்து அனுப்பியதாகச் செய்திகள் வந்தன.

சரி, எதை எடுப்பது?

நான் ஒரு நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருந்தால் முதலில் கேட்பது பட்டியலைத்தான். முதல் பதினைந்து வீரர்களில் எத்தனை பேர் 24-லிருந்து 28-க்குள்? பாதிக்கு மேல் என்றால், வீரர்கள் இன்னும் கோச் பேச்சைக் கேட்கிறார்கள் என்றால், கோச்சைத் தொட மாட்டேன். உதவியாளர்களை மாற்றுவேன், கால்பந்துப் பிரிவுக்கு பாம் மாதிரி ஓர் அனுபவசாலியைக் கொண்டுவருவேன். ஆய்வை வெளியாட்களிடம் கொடுப்பேன், முடிவை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு ஆய்வு நடத்த மாட்டேன். ஒப்பந்தத்தை மட்டும் ஜூலையில் நீட்ட மாட்டேன். 2022 ஜூலையில் செயிண்ட் கில்டா பிரெட் ராட்டனுக்கு இரண்டு வருடம் நீட்டிவிட்டு அக்டோபரில் அவரை நீக்கியது. பாவம், கார்ல்டனுக்குப் பிறகு அவருக்கு அது இரண்டாவது முறை.

பெரும்பாலானோர் 22-க்குக் கீழே என்றால், கோச் இளைஞர்களை வளர்க்கத் தெரிந்தவரா என்பது ஒன்றே கேள்வி. தெரிந்தவர் என்றால் நிக்ஸுக்குக் கிடைத்த காலத்தைக் கொடுக்க வேண்டும், அதை உறுப்பினர்களிடம் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். தெரியாதவர் என்றால் ஆகஸ்ட் கடைசியில் மரியாதையாக அனுப்பிவிட்டு ஃபேகனையோ மெக்ரேயையோ போன்ற ஓர் ஆளைத் தேடுவேன். பட்டியல் முப்பதைத் தாண்டியவர்களால் நிறைந்து தோற்றுக்கொண்டிருந்தால், யாரை கோச்சாகப் போட்டாலும் இரண்டு மூன்று வருடம் அடி உறுதி. அந்த அடியை வாங்குகிற வருடங்களுக்குப் பெரிய பெயருக்குப் பணம் கொட்டுவது வீண்.

எந்த வழியானாலும் அக்டோபரில் வீரர் பரிமாற்றக் காலம் திறப்பதற்குள் முடிவு வெளியே வந்துவிட வேண்டும். வேறு கிளப்பிலிருந்து வர யோசிக்கும் வீரனின் மேலாளர் முதலில் கேட்கிற கேள்வியே ‘அடுத்த வருடம் கோச் யார்?’ என்பதுதான். அதற்குப் பதில் இல்லாத கிளப்புக்கு அந்த மாதம் யாரும் வர மாட்டார்கள். இருக்கிற கேப்டன்கூடக் கிளம்பலாம், கிரிஃபன் கிளம்பியதைப்போல.